அந்தப் பெண் காட்டிய பிளேடும் நீங்கள் காத்த ரகசியமும்

கடிதத்தின் சுருக்கம்

கடிதம் எழுதியவர் 26 வயதுச் செவிலியர். அறுவைச் சிகிச்சை வார்டில் மூன்று ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, நான்கு மாதங்களுக்கு முன்பு மனநல வார்டுக்கு மாற்றப்பட்டிருக்கிறார். மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கி, உயிர் பிழைத்து, அங்கே சேர்க்கப்பட்ட 23 வயதுப் பெண் ஒருவர் முதல் வாரத்திலேயே, "இந்த வார்டில் உங்களைத் தவிர என்னைப் புரிந்துகொள்பவர் யாருமில்லை, அக்கா" என்று இவரிடம் சொல்லியிருக்கிறார். மனம் இளகிய இவர் தம் சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டார். நோயாளிகளுக்கு மாலையில் கைப்பேசி தரப்படும் அந்த ஒரு மணி நேரத்தில் தினமும் அழைப்பு வரத் தொடங்கியது. இவருக்கு விடுப்பு என்றால் அன்றிரவு அந்தப் பெண்ணின் முன்கையில் புதிய கீறல் இருக்கும். ஒருநாள் அழைப்பை எடுக்க முடியாமல் போனது. மறுநாள் காலையில் "நீங்களும் மற்றவர்களைப் போலத்தான், சம்பளத்துக்குச் சிரிக்கிறீர்கள்" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி அந்தப் பெண் கத்தியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து அழுதபடி வந்து, நோட்டுப் புத்தகத்தின் அட்டைக்குள் செருகி வைத்திருந்த பாதி பிளேடைக் காட்டி, "யாரிடமும் சொல்லாதீர்கள், சொன்னால் இனி உங்களிடம் பேசவே மாட்டேன்" என்றிருக்கிறார். மூன்று நாளாக இவரும் சொல்லவில்லை.

கேஸ் ஷீட்டில் 'பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸ்ஆர்டர்', அதாவது உணர்ச்சிகளும் உறவுகளும் நிலைகொள்ளாமல் அலைபாயும் ஓர் ஆளுமைக் கோளாறு, என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்ணிடம் அதை யாரும் சொல்லவில்லை. "கவனத்தை ஈர்க்கத்தான் செய்கிறாள், கண்டுகொள்ளாதே" என்பது மூத்த செவிலியரின் அறிவுரை. தாயாரோ, "சிஸ்டர், இது நோயா, இல்லை அவள் குணமே இப்படித்தானா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். சில வாரங்களில் டிஸ்சார்ஜ். அதற்குள் செவிலியர் மதிப்பீட்டை முழுமையாக எழுதவும், அந்தப் பெண்ணுக்கும் தாயாருக்கும் நோய் பற்றிக் கற்பிக்கவும் இவருக்குப் பொறுப்பு தரப்பட்டிருக்கிறது. எதை மதிப்பிடுவது, எதைச் சொல்லலாம், எண்ணைக் கொடுத்தது எவ்வளவு பெரிய தவறு என்று கேட்கிறார்.

பதில்

அன்புள்ள சகோதரி,

பிளேடு பற்றிய பகுதியைப் படித்ததும், இந்தப் பதில் வெளியாகும்வரை காத்திருக்க முடியாது என்று அன்றே உங்களுக்குத் தனியாக எழுதினேன். அன்று மாலையே பொறுப்புச் செவிலியரிடம் சொல்லிவிட்டதாக நீங்கள் தெரிவித்தது நிம்மதி தந்தது. ஆயினும் ஏன் சொல்லியே ஆக வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன். ஏனெனில் மனநல வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியர்களில் நல்ல மனம் உள்ளவர்கள்தாம் இந்தக் குழியில் முதலில் விழுகிறார்கள். நானும் விழுந்தேன். என் முதல் ஆண்டில் ஒரு நோயாளி, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் ஒன்றைச் சொல்வேன் என்றார். என்ன விஷயம் என்று தெரிவதற்கு முன்பே சத்தியம் செய்தேன். தலையணை உறைக்குள் சேர்த்து வைத்திருந்த தூக்க மாத்திரைகளைப் பற்றி அவர் சொன்னபோது, என் வாக்குக்கும் அவர் உயிருக்கும் நடுவே நானே போய் நின்றுகொண்டிருந்தேன். வாக்கை மீறினேன். அவர் இரண்டு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு வாரத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று இப்போது தெரிகிறது: கேட்பதற்கு முன்பே என் எல்லையைச் சொல்லியிருந்தால் போதும்.

நோயாளி சொல்வதை வெளியே பேசாமலிருப்பது செவிலியரின் கடமை. ஆனால் அந்த 'வெளி' சிகிச்சைக் குழுவுக்கு அப்பால்தான் தொடங்குகிறது. உயிருக்கு ஆபத்தான செய்தியைத் தனியொரு செவிலியர் தம்மிடமே வைத்துக்கொள்வதை எந்தத் தொழில்நெறியும் ஏற்காது; அந்த வார்டில் படுத்திருக்கும் மற்ற நோயாளிகளின் கைக்கும் அந்தப் பிளேடு போகக்கூடும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். இன்னொரு கோணமும் உண்டு. மறைத்து வைத்த பொருளைத் தாமே எடுத்துக் காட்டுகிறவர், அதைத் தம்மிடமிருந்து யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பாதி மனத்தோடாவது விரும்புகிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன். அடுத்த முறை இப்படிச் சொல்லலாம்: "இதை என்னிடம் காட்டியதற்கு நன்றி. உங்கள் உயிருக்கு ஆபத்தான எதையும் என்னால் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. பொறுப்புச் செவிலியரிடம் சொல்லத்தான் போகிறேன். நீங்களும் என்னோடு வருகிறீர்களா, நான் மட்டும் போகட்டுமா?" சொல்வதா வேண்டாமா என்பதில் அவருக்குத் தெரிவு இல்லை, எப்படிச் சொல்வது என்பதில் இருக்கிறது.

ஒரு சிறு குறிப்பு. நீங்கள் அவரை 'நீ' என்று அழைப்பதாகக் கடிதத்திலிருந்து தெரிகிறது. அவர் 'அக்கா' என்கிறார், மூன்று வயது இளையவர், இயல்பாகவே வந்திருக்கும். எனினும் இந்தப் பதிலில் நான் எழுதியுள்ள வாக்கியங்களில் எல்லாம் 'நீங்கள்' என்றே போட்டிருக்கிறேன். பழகிப் பாருங்கள். ஒரு விகுதி எவ்வளவு எல்லையைக் காக்கிறது என்று வியப்பீர்கள்.

மதிப்பீடு எங்கே தொடங்குகிறது

நோயின் பெயரைத் தீர்மானிப்பது மருத்துவரின் வேலை. 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு ஆளுமைக் கோளாறுகளைப் பத்து வகைகளாக, மூன்று தொகுதிகளாகப் பிரிக்கிறது. பார்டர்லைன் வகைக்கு ஒன்பது அளவுகோல்களில் குறைந்தது ஐந்து பொருந்த வேண்டும் என்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 அந்தப் பழைய வகைகளைப் பெரும்பாலும் கைவிட்டு, கோளாறு லேசானதா, நடுத்தரமானதா, கடுமையானதா என்று முதலில் கேட்கிறது. பிறகுதான் எந்தக் குணக்கூறுகள் மேலோங்கியிருக்கின்றன என்று பார்க்கிறது. இந்த மாற்றம் செவிலியருக்குச் சாதகமானது என்பது என் கருத்து. 'இவர் எந்த வகை' என்பதைவிட 'அன்றாட வாழ்வும் உறவுகளும் இவருக்கு எவ்வளவு தடைபட்டிருக்கின்றன' என்ற கேள்விக்குத்தான் இரவும் பகலும் அருகிலிருக்கும் நம்மிடம் விடை இருக்கிறது.

உங்கள் கடிதத்திலேயே மிக நல்ல மதிப்பீடு ஒன்று ஒளிந்திருக்கிறது. நீங்கள் அதை மதிப்பீடு என்று நினைக்கவில்லை. 'எனக்கு விடுப்பு என்றால் அன்றிரவு கீறல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே போங்கள். அமைதியாக இருக்கும் ஒரு பகல் வேளையில் அவரோடு உட்கார்ந்து, கடைசியாகக் கீறிக்கொண்ட இரவை மணிவாரியாகக் கேளுங்கள். மாலை என்ன நடந்தது? யாரிடம் பேசினார்? அழைப்பு எடுக்கப்படாதபோது மனத்தில் ஓடிய முதல் வாக்கியம் என்ன? உடம்பில் எங்கே தெரிந்தது, நெஞ்சிலா, தொண்டையிலா? பிளேடை எடுப்பதற்கும் கீறுவதற்கும் இடையில் எவ்வளவு நேரம்? கீறிய பின் என்ன ஆனது? அந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் வரும் விடை, 'அடங்கியது' என்பதுதான். சங்கிலியின் கண்ணிகள் தெரிந்துவிட்டால் எந்தக் கண்ணியில் கை வைக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். நீங்கள் பிறகு கற்பிக்கப்போகும் அனைத்தும் இங்கிருந்தே கிளம்பும்.

தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடும் என்ற அச்சம் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் தெரிகிறது, அதற்கு ஆதாரமில்லை. "கீறிக்கொள்ளும்போது செத்துவிட வேண்டும் என்று நினைக்கிறீர்களா, அல்லது தாங்க முடியாத ஒன்று அடங்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" என்ற கேள்வியை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வேண்டும், ஏனெனில் ஒரே ஆளிடம் இருவேறு நாள்களில் விடை மாறும். திட்டம் உண்டா, சாதனம் கையருகில் உண்டா, முன்பு எத்தனை முறை முயன்றார், மது அல்லது போதைப்பழக்கம் உண்டா, எத்தனை மணி நேரம் தூங்குகிறார், தாம் தம்மிடமிருந்தே விலகி நிற்பதுபோல் உணரும் மரத்துப்போன தருணங்கள் உண்டா என்பவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுவயதுக் கொடுமைகள் பலருக்கு இருந்திருக்கும், எல்லாருக்கும் அல்ல. அவர் திறந்தால் கேளுங்கள், நீங்களாகக் கதவை உடைக்காதீர்கள். காயத்தைக் காயமாகவும் பாருங்கள்: ஆழம், சீழ், டெட்டனஸ் தடுப்பூசி போட்ட காலம். அறுவைச் சிகிச்சை வார்டிலிருந்து வந்த உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மனநிலை ஏற்ற இறக்கங்களைப் பதியும்போது நேரத்தைக் குறியுங்கள். மிகையுற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோயோடு இது அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகிறது. அந்த நோயில் மிகையுற்சாக நிலை குறைந்தது நான்கு நாள், கடுமையானதென்றால் ஒரு வாரமாவது நீடிக்க வேண்டும். பார்டர்லைன் நிலையிலோ காலையில் பொங்கியது மாலைக்குள் வடிந்துவிடும், பெரும்பாலும் ஓர் உறவுச் சம்பவம் அதைத் தூண்டியிருக்கும். 'மனநிலை நிலையற்றது' என்று எழுதும் செவிலியரைவிட, '10 மணிக்குத் தாயார் வரவில்லை என்ற செய்தி; 10.20-க்கு அழுகை, தட்டை வீசினார். 1 மணிக்குச் சாப்பிட்டு, பக்கத்துக் கட்டில் நோயாளியோடு சிரித்துப் பேசினார்' என்று எழுதும் செவிலியர் மருத்துவருக்கு நூறு மடங்கு உதவுகிறார். 'சூழ்ச்சிக்காரி', 'நாடகம்' போன்ற சொற்களைக் கேஸ் ஷீட்டில் எழுதாதீர்கள். அவை பார்த்தவரின் எரிச்சலைப் பதிகின்றன. நோயாளி செய்தது என்ன என்பது அவற்றில் இல்லை.

அவரால் எது முடிகிறது என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். உங்களிடம் கத்தியவர் இரண்டு நாளில் தாமாகவே திரும்பி வந்தார். அதையும் எழுத வேண்டும்.

"கவனத்தை ஈர்க்கத்தான்" என்பது பற்றி

உங்கள் மூத்த செவிலியர் சொன்னதில் ஒரு சிறு பகுதி உண்மை இருக்கிறது, அது ஆபத்தான வடிவில் சொல்லப்பட்டிருக்கிறது. கீறிக்கொண்டால் மட்டும் எல்லாரும் கட்டிலைச் சூழ்ந்து நிற்பதும், கீறாத நாளில் யாரும் எட்டிப் பார்க்காததுமான வார்டில், கீறல் ஒரு மொழியாகிவிடும் என்பது உண்மை. ஆனால் அதற்குத் தீர்வு கண்டுகொள்ளாமல் விடுவதன்று. காயத்துக்கு மருந்திடும்போது பதற்றமின்றி, பிரசங்கமின்றி, தண்டனைபோல் தோன்றும் முரட்டுத்தனமும் இன்றி இட்டுவிட்டு, நிறைய நேரத்தை அவர் அமைதியாக இருக்கும் பொழுதுகளுக்குக் கொடுங்கள்.

ஆபத்து என்று ஏன் சொல்கிறேன்? முன்பு தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டவருக்குப் பின்னாளில் தற்கொலை அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உறுதிப்பட்ட உண்மை. அத்தோடு, சாக வேண்டும் என்று எண்ணாமல் செய்த காரியத்தாலும் சாவு நேரும். பாரசிட்டமால் இதற்குச் சரியான உதாரணம். அளவுக்கு மீறி விழுங்கியவர் முதல் நாள் முழுவதும் லேசான குமட்டலோடு எழுந்து நடமாடுவார். 'ஒன்றுமில்லை, மிரட்டத்தான் செய்தாள்' என்று சுற்றியிருப்பவர்கள் முடிவு கட்டுவார்கள். கல்லீரல் சேதம் இரண்டாம் நாளுக்குப் பிறகுதான் முகம் காட்டும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன் தரும். நோக்கத்தை ஆராய்வதற்கு முன்பு விழுங்கியதன் பெயரையும் அளவையும் நேரத்தையும் ஆராய வேண்டும் என்பதைத் தாயாருக்குச் சொல்லும்போதும் மறக்காதீர்கள்.

கைப்பேசி எண்

கேட்டதற்கு நேரான பதில்: தவறுதான், ஆனால் திருத்தக்கூடிய தவறு. இப்போது செய்யக்கூடாதது, ஒரு நாள் சட்டென்று அந்த எண்ணைத் தடைசெய்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது. கைவிடப்படுவோம் என்ற அச்சமே நோயின் மையமாக இருப்பவருக்கு, அந்த அச்சம் சரிதான் என்று நீங்களே சான்றளித்ததாகிவிடும். முதலில் பொறுப்புச் செவிலியரிடமும் மருத்துவரிடமும் நடந்ததைச் சொல்லுங்கள். மறைத்து வைத்தால் பின்னர் இது உங்கள் வேலைக்கே சிக்கலாகலாம். பிறகு அவரிடம், "என் சொந்த எண்ணை உங்களுக்குக் கொடுத்தது என் தவறு. என்னால் எல்லா நேரமும் எடுக்க முடியாது. எடுக்காதபோது உங்களுக்கு அது பெரிய வேதனையாகிறது. இனி அந்த எண்ணில் பேச மாட்டேன். எனக்கு டியூட்டி உள்ள நாளெல்லாம் மாலை 5 மணிக்குப் பதினைந்து நிமிடம் உங்களோடு உட்காருவேன். நான் இல்லாத நாளில் யார் உட்காருவார் என்று முந்தைய நாளே சொல்லிவிடுவேன்" என்று சொல்லலாம். மேலிடத்தில் திட்டினார்கள் என்று பழியை நகர்த்தாதீர்கள். எல்லை உங்களுடையதாக இருக்கட்டும். அவர் கோபப்படலாம், அன்றிரவு கீறல்கூட நேரலாம், அதனால்தான் குழுவுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். அதன்பின் அந்தப் பதினைந்து நிமிடத்தை ஒருநாளும் தவறவிடாதீர்கள், இருபத்தைந்தாக நீட்டவும் வேண்டாம். நான் இந்தத் தொழிலில் கற்றவற்றுள் ஒன்றை மட்டும் உங்களுக்குத் தரலாம் என்றால் இதைத்தான் தருவேன்: இவர்களிடம் பெரிய மனத்தோடு ஒருநாள் நடந்துகொள்வதைவிட, நேற்றுப்போலவே இன்றும் நடந்துகொள்வது கடினம், அதுதான் வேலை செய்கிறது.

'நீங்கள் மட்டும்தான் நல்லவர்' என்று ஒருவரை உயர்த்தி, மற்றவரைத் தாழ்த்தும் போக்கு வார்டையே இரண்டாகப் பிளந்துவிடும். இதை 1957-இலேயே பிரிட்டிஷ் மனநல மருத்துவர் டாம் மெயின் ஒரு கட்டுரையில் விவரித்தார். ஒரே நோயாளிக்காகச் சிலர் தம்மை வருத்திக்கொள்வதையும், சிலர் வெறுத்து ஒதுக்குவதையும், இரு சாராரும் ஒருவரையொருவர் குறைசொல்வதையும் அவர் பதிந்தார். செவிலியர்களோடு அமர்ந்து ஆராய்ந்தபோது, நோயாளிக்குத் தூக்க மருந்து கொடுக்கப்பட்ட தருணம் பல நேரங்களில் செவிலியரின் பொறுமை தீர்ந்த தருணமாகவே இருந்தது என்று தெரியவந்ததாம். ஆகவே மதிப்பீட்டில் உங்களுக்கும் ஓர் இடம் உண்டு. அவர் புகழ்ந்தபோது உங்களுக்கு என்ன நேர்ந்தது, கத்தியபோது என்ன நேர்ந்தது? எண்ணைக் கொடுத்த கை எதைத் தேடியது? இதைக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டியதில்லை. மேற்பார்வையாளரிடமோ, பணியை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவர் நேரத்திலோ பேசியே ஆக வேண்டும். அந்த மூத்த செவிலியரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரை வில்லியாக்கி உங்கள் கடிதம் எழுதப்பட்டிருக்கிறது. பிளவு உங்களிடமும் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

நோயின் பெயரை அவரிடம் சொல்லலாமா

சொல்லப்பட வேண்டும். தமக்கு என்ன நோய் என்று அறிவது அவருடைய உரிமை. கேஸ் ஷீட்டில் எல்லாரும் படிக்கும் ஒன்றை அவர் மட்டும் அறியாமலிருப்பது சரியன்று. ஆனால் முதன்முதலாகச் சொல்ல வேண்டியவர் சிகிச்சை தரும் மருத்துவர். நீங்கள் உடனிருந்து, பிறகு வரும் கேள்விகளுக்கு விடை சொல்லுங்கள். 'தெரிந்தால் உடைந்துபோவார்' என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள். நான் அதிகம் பார்த்தது வேறு: ஒன்பது அளவுகோல்களையும் ஒவ்வொன்றாக எளிய சொற்களில் கேட்டவர்கள், 'இதற்கு ஒரு பெயர் இருக்கிறதா? எனக்கு மட்டும் இல்லையா?' என்று அழுதிருக்கிறார்கள். பெயரைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவதுதான் உடைக்கும்.

பெயர் அழகான பெயரல்ல என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். 1938-இல் உளப்பகுப்பாய்வாளர் அடால்ஃப் ஸ்டெர்ன் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியபோது, நியூரோசிஸுக்கும் (பதற்றம் போன்ற மிதமான மனநலக் கோளாறுகள்) சைக்கோசிஸுக்கும் (நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் நிலை) இடையிலான எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் என்ற பொருளில் சொன்னார். கருத்து மாறிவிட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. 'ஆளுமைக் கோளாறு என்றால் ஆளே கோளாறு, மாறாது' என்ற எண்ணமும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. ஆய்வாளர் மேரி சனாரினியும் குழுவினரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த 290 பார்டர்லைன் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பத்தாண்டுகளுக்குள் 93 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் குறைந்து குறைந்தது இரண்டாண்டுகள் அப்படியே நீடித்தன. வேலை, உறவு ஆகியவற்றையும் சேர்த்து முழுமையாக மீண்டவர்கள் பாதிப் பேர். இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்லுங்கள். முதலாவது நம்பிக்கை தரும், இரண்டாவது வேலை இன்னும் மீதமிருக்கிறது என்று நினைவூட்டும். இக்கோளாறுக்கான உரையாடல் சிகிச்சையான டயலெக்டிகல் பிஹேவியர் தெரபியை உருவாக்கிய உளவியலாளர் மார்ஷா லினஹன், தாமே 17 வயதில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டதற்காக மனநல மருத்துவமனையில் இருந்தவர் என்பதை 2011-இல் பொதுவெளியில் சொன்னார். இந்தச் செய்தியைச் சொல்லும்போது முகங்கள் மாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

என்ன கற்பிப்பது, எப்போது

கொதிக்கும் நேரத்தில் கற்பிக்க முடியாது. உணர்ச்சி பத்துக்கு எத்தனை என்று அவரையே எண் சொல்லச் சொல்லுங்கள். ஐந்துக்கு மேல் என்றால் பாடத்தைத் தள்ளிவையுங்கள். ஒரு அமர்வுக்கு ஒரே விஷயம், முடிவில் அவர் சொற்களில் திருப்பிச் சொல்லக் கேட்பது, இவ்வளவே முறை. துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுத்துவிட்டு 'கல்வி அளிக்கப்பட்டது' என்று கையெழுத்திடும் வழக்கத்தைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது.

நெருக்கடியைக் கடக்கும் திறன்கள்: முகத்தைக் குளிர்ந்த நீரில் நனைத்து அரை நிமிடம் மூச்சைப் பிடித்தால் இதயத்துடிப்பு தானாகவே தணியும், நீருக்குள் மூழ்கும்போது உடல் காட்டும் இயல்பான எதிர்வினை அது. ஆகையால் இதய நோயோ கடுமையான உணவுக் கோளாறோ உள்ளவருக்கு மருத்துவரைக் கேட்காமல் இதைக் கற்பிக்கக் கூடாது. உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டும் மூச்சும், 'பதினைந்து நிமிடம் மட்டும் தள்ளிப்போடுவேன்' என்ற ஒத்திவைப்பும் எளியவை. எந்தத் திறனும் கீறல் தரும் அந்த உடனடி அமைதியைத் தராது. அதை மறைக்காமல் சொல்லிவிட்டால் அவர் உங்களை நம்புவார்.

பாதுகாப்புத் திட்டம்: 'தற்கொலை செய்துகொள்ள மாட்டேன்' என்று எழுதி வாங்கும் ஒப்பந்தங்களுக்குப் பயனிருப்பதாகச் சான்றில்லை; அவை கையெழுத்து வாங்கியவரின் பதற்றத்தை மட்டும் குறைக்கின்றன. அதற்குப் பதிலாக உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் வகுத்த வரிசையில் ஒரு தாளில் அவர் கையாலேயே எழுதட்டும்: என் எச்சரிக்கை அடையாளங்கள், நானே தனியாகச் செய்யக்கூடியவை, மனத்தைத் திருப்ப உதவும் மனிதர்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய நெருங்கியவர்கள், மருத்துவ உதவிக்கான எண்கள், வீட்டிலிருந்து அகற்ற வேண்டியவை. முதல் வரியில் 'மன அழுத்தம்' என்று எழுதினால் ஏற்காதீர்கள். 'கைப்பேசியை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன்' என்று எழுதினால் அது அடையாளம்.

மருந்து: இந்தக் கோளாறைக் குணப்படுத்தும் மருந்து என்று எதுவும் இல்லை. மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009-இல் தந்த வழிகாட்டி, இந்தக் கோளாறுக்கென்றே மருந்து தர வேண்டாம் என்கிறது. கூடவே இருக்கும் மனச்சோர்வு போன்றவற்றுக்கு மருந்து தரப்படலாம். எந்த மாத்திரை எதற்கு என்று அவருக்குத் தெரியட்டும். தாமாக நிறுத்தக் கூடாது, மதுவோடு சேர்க்கக் கூடாது. ஒரு முறை அளவுக்கு மீறி விழுங்கியவர் என்பதால், குறைந்த நாள்களுக்கான மாத்திரைகளே கையில் இருக்கும்படி மருத்துவரிடம் நீங்களே நினைவூட்டுங்கள். முக்கிய சிகிச்சை உரையாடல் சிகிச்சைதான். லினஹனின் முறை வழக்கமாக ஓராண்டு, வாரந்தோறும் தனி அமர்வும் குழு வகுப்பும் கொண்டது. அது கிடைக்காத இடத்தில் வேறு சிகிச்சை முறைகளும் உண்டு. குறித்த நாளில் தவறாமல் ஒரே சிகிச்சையாளரைப் பார்ப்பது எதிலும் பொது.

உங்கள் வார்டுக்கு மற்ற வகை ஆளுமைக் கோளாறு உள்ளவர்களும் வருவார்கள் என்பதால் இரண்டு வரி. சந்தேக ஆளுமை உள்ளவர் முன்னால் குசுகுசுவென்று பேசாதீர்கள். எதையும் செய்யுமுன் நேராகச் சொல்லுங்கள், அதிகக் கொஞ்சல் வேண்டாம். சமூக விரோத ஆளுமை உள்ளவரிடம் விதிகளை எல்லாரும் ஒரே மாதிரி நிறைவேற்றுங்கள். பிறரைச் சார்ந்தே வாழ்பவருக்கு முடிவுகளை நீங்கள் எடுத்துக் கொடுப்பது உதவியாகாது.

தாயாரின் கேள்வி

அவருடைய மகள் வயதுவந்தவர். அவர் சம்மதமின்றி நோய் விவரங்களைத் தாயாரிடம் பேச உங்களுக்கு உரிமையில்லை. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று முதலில் மகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாயார் சொல்வதைக் கேட்பதற்குச் சம்மதம் தேவையில்லை. சம்மதம் கிடைத்தபின், 'நோயா, குணமா?' என்ற கேள்விக்கு லினஹனின் விளக்கம் உதவும்: பிறவியிலேயே உணர்ச்சி எளிதில் பற்றிக்கொள்ளும், மெல்லத் தணியும் இயல்பு, அந்த உணர்ச்சியைச் சுற்றியிருப்பவர்கள் புரிந்துகொள்ளாத சூழல், இரண்டும் ஆண்டுக்கணக்கில் ஒன்றையொன்று வளர்த்தன. இதில் தாயாரைக் குற்றவாளியாக்கும் தொனி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பெற்றோர் ஏற்கெனவே இரவெல்லாம் தம்மைத் தாமே விசாரித்துக்கொண்டிருப்பவர்கள்.

வேண்டுமென்றே செய்கிறாளா என்பதற்கு என் விடை: கீறுவது அவர் கைதான், ஆனால் அந்த நேரத்தில் வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. தாயாருக்கு ஒரே ஒரு பயிற்சி கொடுங்கள். மகள், "தோழி பதில் அனுப்பவில்லை, நான் செத்தால்கூட அவளுக்குத் தெரியாது" என்றால், "இதற்கெல்லாமா?" என்று தொடங்காமல், "காத்திருந்து பதில் வராதது ரொம்ப வலித்திருக்கும்" என்று தொடங்கச் சொல்லுங்கள். வலியை ஒப்புக்கொள்வது வேறு, அவர் முடிவை ஒப்புக்கொள்வது வேறு. அதன்பின், சாகும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்கலாம். உண்டு, வழியும் வைத்திருக்கிறேன் என்றால், அல்லது எதையாவது விழுங்கியிருந்தால், எப்படித் தெம்பாகத் தெரிந்தாலும், உடனே அவசரப் பிரிவு. வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பூட்டி வைப்பதை மகளுக்குத் தெரியாமல் செய்யாமல், அவருடைய பாதுகாப்புத் திட்டத்தில் எழுதியே செய்யட்டும்.

இனி டிஸ்சார்ஜ். பிரிவு இவருக்கு எப்படிப்பட்டது என்பதை உங்கள் விடுப்பு நாள்களே காட்டிவிட்டன. ஆகவே தேதி முடிவான அன்றே அவரிடம் சொல்லி, மாலைப் பதினைந்து நிமிடங்கள் இன்னும் எத்தனை மீதமிருக்கின்றன என்று சேர்ந்து எண்ணுங்கள். கடைசி நாள்களில் பழைய அறிகுறிகள் தலைதூக்கினால் கற்பித்ததெல்லாம் வீண் என்று சோர்ந்துவிட வேண்டாம். அந்த மாலையின் பாடமாக அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே அவரைப் பார்க்கப்போகும் சிகிச்சையாளரை, முடிந்தால், வார்டுக்கே ஒருமுறை வரச்செய்து அறிமுகப்படுத்துங்கள். பணிப்பட்டியலையும் இப்போதே பார்த்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் அன்று உங்களுக்கு டியூட்டி இல்லையென்றால், அதை அவரிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லி, உங்கள் கடைசி டியூட்டி நாளிலேயே விடைபெற்றுக்கொள்ளுங்கள்.